கேளுங்க அண்ணாச்சி: பளபளன்னு வந்த 3310

கேள்வி: அண்ணாச்சி, ஆன்லைன்ல ஒரு நோக்கியா 3310 வாங்குனேன், 2,900 ரூவா. பழைய ஸ்டாக், பாக்ஸ் பீஸ், ஒரிஜினல்னு போட்டுருந்தான். வந்த போன் புத்தம் புதுசா மின்னுது, பேட்டரிய கழட்டுனா உள்ள ஸ்டிக்கர்ல மேட் இன் இந்தியான்னு இருக்கு. என் ஜியோ சிம்ம போட்டா டவரே எடுக்கல. கூட்டாளி பயலுவ டூப்ளிகேட்டுங்கானுவ. உண்மையா? அடுத்து ஒரு 6600 வேற பாத்து வச்சிருக்கேன், அத எப்படிப் பாத்து வாங்கணும்?
– பேர் போடாதீங்க, அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, டவர் விசயத்த மொதல்ல முடிச்சிருவோம். ஜியோவுல 2ஜி கெடையாது, 3310-க்கு 2ஜிய விட்டா ஒண்ணும் தெரியாது, அதுக்காக போன வையாதீய. ஏர்டெல்லோ பிஎஸ்என்எல்லோ வீட்ல யார்ட்டயாவது இருக்கும், நானோ சிம்முன்னா அடாப்டர்ல வச்சுப் போட்டுப் பாருங்க.

இடிக்கது அந்த ஸ்டிக்கர் தான். நோக்கியா ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி ஓட ஆரம்பிச்சது 2006 ஜனவரியில, 2014 நவம்பர்ல மூடிட்டாவ. 3310 வந்தது 2000-ல, இங்க ஃபேக்டரி தொறக்கதுக்கு முந்தியே அத நிப்பாட்டியாச்சு, பொறவு எங்கன இருந்து வந்துச்சு மேட் இன் இந்தியா? 2017-ல அதே பேர்ல கலர் ஸ்கிரீனும் கேமராவுமா ஒண்ணு வந்துச்சே, அது வேற போன், அதோட போட்டுக் கொழப்பாதீய.

ஆனா ஸ்டிக்கர் பொய்யின்னா போனே பொய்யின்னு முடிவு கட்டவும் முடியாது. இந்த யாவாரத்துல நடக்கது என்னன்னா, பழைய போன் போர்ட எடுத்து கழுவி, புது டூப்ளிகேட் பாடி மாட்டி, ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டி, அட்டப்பொட்டியும் அச்சடிச்சு, அதுக்குள்ள ஒரு சார்ஜரயும் சொருகி பாக்ஸ் பீஸுன்னு தள்ளி விட்டுருதானுவ. உள்ள இருக்கது நெசம், மேல இருக்கது வேசம். இருவது வருசத்துக்கு மேல ஆன போன் பொட்டி பிரிக்காம கெடந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லுதான், அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரே ஆள்ட்ட அம்பது பீஸ் நாலு கலர்ல இருக்குன்னா, அத நம்புததுக்கு நாம என்ன கூறு கெட்டவனா? எனக்குக் கேட்டா, கீறலும் தேய்ஞ்ச கீபேடுமா இருக்க பழசத் தான் தைரியமா வாங்கலாம்.

இதுல 3310-க்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் கவர் மாத்துததுக்குன்னே கம்பெனி செஞ்சது, அந்தக் காலத்துல ஜங்ஷன்லயும் டவுண்லயும் மொபைல் கடைக்குக் கட விதவிதமா கவர் தொங்கும், பயலுவ சட்டைக்கு மேட்ச்சா மாத்திக்கிட்டுத் திரிவானுவ. அதனால கவர் டூப்ளிகேட்டுங்கதுக்காக சண்டைக்குப் போவாதீய. லைட் பச்சையா இல்லாம நீலமா எரிஞ்சாலும் அப்படித்தான், கடையில எல்இடி மாத்துனதா இருக்கும்.

பாக்க வேண்டியது உள்ள. பேட்டரிய எடுத்துட்டு அந்த ஸ்டிக்கர வெயில்ல புடிச்சுப் பாருங்க, எழுத்து ஓரம் மசமசன்னு இல்லாம தெளிவா இருக்கா, டைப்புன்னு போட்ட எடத்துல என்ஹெச்எம்-5 இருக்கா. அதுதான் 3310-க்கு உள்ள நம்பர், என்ஹெச்எம்-5-ல ஆரம்பிக்காம வேற எது இருந்தாலும் ஸ்டிக்கர் வேற போனுக்கு உள்ளது. பொறவு போன ஆன் பண்ணி *#06# அடிங்க, 15 இலக்கத்துல ஐஎம்இஐ, அதாவது அந்த போனுக்குன்னு உள்ள தனி நம்பர் வரும், ஸ்டிக்கர்ல இருக்கதும் இதுவும் ஒவ்வொரு இலக்கமா ஒத்துப் போவணும். *#0000# அடிச்சா சாஃப்ட்வேர் வெர்ஷனும் தேதியும் அதே என்ஹெச்எம்-5-ம் வரும். இன்னொண்ணு *#92702689#, இத அடிச்சா அந்த போன் எந்த மாசம் எந்த வருசம் செஞ்சதுன்னு அதுவே சொல்லும், கிண்டிப் பாத்து மாத்துனவன் இருந்தா தவிர. இதெல்லாம் ஒழுங்கா வந்தா உங்க போர்டு ஒரிஜினல், சட்ட தான் புதுசு. ஒண்ணுமே வராம முழிச்சுதுன்னா அது சைனா செட். கேம்ஸையும் தொறந்து பாருங்க, ஸ்நேக் 2, ஸ்பேஸ் இம்பாக்ட், பேர்ஸ் 2, பண்டுமி, இந்த நாலும் இருக்கணும்.

பேட்டரிய பத்தி ரொம்ப யோசிக்காதீய. அந்தக் காலத்து பேட்டரி இன்னைக்கு உசுரோட இருக்காது, டூப்ளிகேட் தான் கெடைக்கும், ஒரிஜினல் பேட்டரின்னு தனியா துட்டு கேட்டா குடுக்க வேண்டாம். உப்பிருந்தா மட்டும் சார்ஜே போடாதீய.

இப்ப 6600. இதுல தான் பயலுவ ரொம்ப ஏமாறுதானுவ, ஏன்னா இதுக்கு முழு டூப்ளிகேட்டே வந்துச்சு. 2003-ல வந்த அசல் 6600-ல ஒரே சிம், எஃப்எம் ரேடியோ கெடையாது, மெமரி கார்டுன்னா பெரிய எம்எம்சி கார்டு தான். ரெண்டு சிம் போடலாம், ரேடியோ பாடும், மைக்ரோ எஸ்டி போடலாம்னு ஒருத்தன் பெருமையா எழுதியிருந்தான்னா, அவனே அது டூப்ளிகேட்டுன்னு ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். உள்ள சிம்பியன்ங்க சாஃப்ட்வேர் ஓடணும், நடுவுல இருக்க ஜாய்ஸ்டிக் நாலு பக்கமும் சாஞ்சு அமுங்கவும் செய்யணும். அது தேயுத சாமான், ஒரு பக்கம் வேல செய்யலன்னா வெலய கொறைங்க, அதுக்காக டூப்ளிகேட்டுன்னு சொல்லிராதீய. துட்டு அனுப்புததுக்கு முந்தி, பேட்டரி எடுத்த எடத்தையும் *#06# அடிச்ச ஸ்கிரீனையும் ஒரே வீடியோவுல, கட் பண்ணாம எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஃபோட்டோ வேண்டாம், ஒரே ஃபோட்டோவ பத்து பேருக்கு அனுப்புவான். மழுப்புனான்னா விட்டுருங்க. ஐஎம்இஐ கெடைச்சதும் ஆங்கில எழுத்துல கேஒய்எம்னு அடிச்சு ஒரு எடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, பிளாக் லிஸ்ட்டுன்னோ டூப்ளிகேட்டுன்னோ ஏற்கனவே யூஸ்ல இருக்குன்னோ பதில் வந்தா அந்தப் பக்கமே போவாதீய.

உங்க 3310-க்கு வருவோம். போர்டு ஒரிஜினல்னு தெரிஞ்சா, 2,900 குடுத்தது பாக்ஸ் பீஸுக்கு, வந்தது பாடி மாத்துன போன். அதச் சொல்லி ரிட்டர்ன் கேளுங்க, இல்ல பாதி துட்டாவது திருப்பிக் கேளுங்க. அவன் போட்ட விளம்பரத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, இன்னைக்கே எடுங்க, நாளைக்கு மாத்திருவான். ஸ்டிக்கர கிழிச்சு கிழிச்சுப் பாக்காதீய, அதுதான் உங்களுக்கு சாட்சி. பதிலே சொல்லாம இழுத்தடிச்சான்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், ஆர்டர் நம்பரயும் பில்லையும் கையில வச்சுக்கிட்டு கூப்புடுங்க.