எம்ஜிபியா வாகன்ஆரா? முதல்ல நகையை அலுமாரிக்குள்ள வையுங்கோ

கேள்வி: நல்லூர்ல இருக்கிறம், ரெண்டு பிள்ளையள். கையில 45 லட்சம் இருக்கு. கொழும்பில ஒராள் 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (இங்கிலாந்துக்காரரின்ர பழைய ரெண்டு சீற் திறந்த கார்) 60 லட்சத்துக்கு தாறன் எண்டுறார், அதே விலைக்கு இஞ்ச 2017 சுசுக்கி வாகன்ஆர் ஒண்டும் கிடக்கு. பழைய கார் விலை ஏறும்தானே, முதலீடு மாதிரி எண்டு நான், வாகன்ஆர்தான் எண்டு மனிசி. மிச்சத்துக்கு அவவின்ர நகையை அடகு வைக்கிற யோசினை. எது நல்லது?

பதில்: தம்பி, மனிசி சொல்லுறதுதான் சரி, ஆனா நகையை அடகு வைச்சு வாகன்ஆரையும் வாங்காதேங்கோ.

விலை ஏறும் எண்டுற கதை எங்கயிருந்து வந்தது? 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்ப திறந்தவை, அந்த இடைக்காலத்தில எந்த ஓட்டைக் காருக்கும் விலை ஏறினது, அதைப் பாத்துட்டு இப்ப எல்லாரும் காரைக் காணி மாதிரி கதைக்கினம். அது தட்டுப்பாட்டு விலை, அவ்வளவுதான். எம்ஜிபியும் அப்பிடியொண்டும் அரிய சாமான் இல்லை, 1962இல இருந்து 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல செய்து விட்டவை.

எஞ்சினுக்குப் பயப்பிடாதேங்கோ. அந்த 1798 சிசி 'பி சீரிஸ்' எஞ்சின் எங்கட ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின்ர எஞ்சின் குடும்பம்தான், சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில கேம்பிறிட்ஜை மண்ணெண்ணெயில ஓட வைச்ச கராஜ்காரருக்கு இது விளையாட்டு. பிரச்சினை காரின்ர பொடியிலதான். எம்ஜிபிக்கு அடியில பாரத்தைத் தாங்குற தனிச் சட்டம் (சேஸி) கிடையாது, கதவுக்குக் கீழ ஓடுற சில்தான் பாரத்தைத் தாங்குது, அது உள்ளுக்குள்ள கறள் பிடிச்சிருந்தா மேல பெயின்ற் பளபளக்கும், வெட்டி ஒட்ட வெளிக்கிட்டா செலவு எங்க போய் நிக்கும் எண்டு ஆராலயும் சொல்லேலாது. எங்கட உப்புக்காத்தும் சும்மா விடாது.

அதைவிட முக்கியம், அவசரத்துக்கு விக்கிறது. வாகன்ஆர் எண்டா யாழ்ப்பாணத்திலயே ஆள் வரும். எம்ஜிபிய ஏ9ஆல கொழும்புக்குக் கொண்டுபோய் ஆசைப்படுற ஒராளுக்காகக் காத்திருக்க வேணும், அதுவரைக்கும் அடகு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சீற்றும் ரெண்டுதான், பிள்ளையளை ரியூசனுக்கு விட ஓட்டோக் காசு வேற (இதை மனிசி ஏற்கனவே சொல்லியிருப்பா எண்டு நினைக்கிறன்).

40 லட்சத்துக்குள்ள பழைய வருச வாகன்ஆர் கிடைச்சா அது, இல்லாட்டி அல்ட்டோ பாருங்கோ. மிச்ச அஞ்சு இன்சூரன்சுக்கும் ரயருக்கும் கை இருப்புக்கும்.

எம்ஜிபி ஆசை போகேல்லையெண்டா பிறகு சேத்து வாங்குங்கோ, வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா ஓப்பின் பேப்பர்ல, அதாவது புக்கில பேர் மாத்தாம கையெழுத்து வைச்ச பேப்பரோட மட்டும், தாறன் எண்டா அந்த இடத்திலயே திரும்பி வாங்கோ. புக்கில (வாகனப் பதிவுப் புத்தகம்) இருக்கிற சேஸி நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் காரில நீங்களே குனிஞ்சு பாருங்கோ, பழைய காருகளில எஞ்சினை மாத்திப்போட்டு புக்கை மாத்தாம விட்ட ஆக்கள் கனபேர்.