மடியளவு பூ

அன்புள்ள அக்கா,

மதுரைப் பக்கம் எனக்கு ஊர். லண்டனில் பதினோரு வருடமாக மென்பொருள் வேலை. அதை விட்டுவிட்டு, பெர்மண்ட்சியில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு வளைவறையை வாடகைக்கு எடுத்துச் சின்னதாக ஒரு ஒயினரி தொடங்கப் போகிறேன். திராட்சை வாங்கப் போவதில்லை. நகரத்துக்குள்ளேயே காடாக வளர்ந்து கிடக்கும் எல்டர் என்ற சிறுமரத்தின் பூ, பிளாக்பெரிப் பழம் இவற்றைப் பறித்துத்தான் ஒயின். முதல் வருடம் ஆயிரம் பாட்டில். இயற்கை இலவசமாகக் கொடுப்பதை வீணாக்கக் கூடாது என்பது என் எண்ணம். நொதிக்க வைக்க, பூவில் இருக்கும் ஈஸ்ட்டையே நம்பலாமா, பாக்கெட் ஈஸ்ட் போட வேண்டுமா? சாராயத் தொழில் என்று ஊரில் பேசுவார்களே, என்ன செய்வது? ஒரு நல்ல தமிழ்ப் பெயரும் சொல்லுங்கள். இலுப்பைப் பூ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

ம., லண்டன்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் ஊர்க் கோயில் தோப்பில் மிச்சமிருக்கும் இலுப்பை மரங்களை எண்ணிவிட்டு வந்திருந்தேன். பதினேழு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாற்பதுக்கு மேல் இருந்தன. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஊர் பேசுவதை விடுங்கள். நறவு, தேறல், தோப்பி என்று மதுவுக்கு வகை வகையாகப் பெயர் வைத்துப் பாடிய மொழி நம்முடையது. உங்கள் அம்மாவிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது போதும். பெயரைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். முதல் பாட்டில் வரட்டும்.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்திய சொல் ஒன்றே ஒன்றுதான்: 'இலவசமாக'.

பங்குனி கடைசியில் அப்பத்தா எங்களை நாலு மணிக்கே எழுப்பிவிடுவாள். இலுப்பைப் பூ ராத்திரியில் பூத்து விடியுமுன் உதிரும். இருட்டில் தோப்புக்குள் நுழைந்தால் முதலில் வாசம்தான் வரும், கனத்த, கொஞ்சம் புளித்த வாசம். மேலே கிளையில் பழந்தின்னி வௌவால்கள் அடித்துக்கொள்ளும். கீழே வெளிர்மஞ்சளில், சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பூ. சதைப்பற்றாக இருக்கும். அழுத்தினால் சாறு ஒட்டும், வாயில் போட்டால் தேன். வெயிலில் காயவைத்தால் உலர்திராட்சை மாதிரி சுருங்கிவிடும். காய்ந்த பூவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று ஏளனமாகச் சொல்கிறார்கள். அதை வறுத்து எள்ளோடு இடித்து உருண்டை பிடித்துத் தின்றவர்களுக்கு அது ஏளனமே இல்லை.

கொட்டைதான் ஏலத்துக்குப் போகும், எண்ணெய்க்காக. பூ யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். ஆனால் மடியளவுதான். அப்பத்தா சேலையில் மடி கட்டியிருப்பாள். அது நிறைந்ததும், தரையில் இன்னும் எவ்வளவு கிடந்தாலும், "போதும், எந்திரி" என்பாள். கூடை கொண்டுவந்தவர்களைத் தோப்புக்குள் விட மாட்டார்கள். எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை.

ஒரு வருடம் வெளியூர் வியாபாரி ஒருவர் ஆள் வைத்துச் சாக்குச் சாக்காக அள்ளினார். பொறுக்க வசதியாக இருக்கட்டும் என்று சருகுக்குத் தீ வைத்தார்கள். நாலு மரத்தின் தூர் கருகியது. அப்பத்தா அந்தக் கரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நாள் முழுக்கப் பேசவே இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவில் 3ஆம் உட்பிரிவைப் படித்திருக்கிறீர்களா? பிறர் நிலத்தில் தானாக வளர்ந்த செடியிலிருந்து பூவோ பழமோ பறிப்பது திருட்டு ஆகாது. ஆனால் விற்பனைக்காகவோ வியாபார நோக்கத்திலோ பறித்தால் அது திருட்டுதான். அப்பத்தாவின் மடியும் வியாபாரியின் சாக்கும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன! வளைவறைக்கு வாடகை பேசத் தெரிந்த உங்களுக்கு இதைத் தேடிப் படிக்க நேரமில்லையா, தம்பி? வரித்துறை அனுமதி, விற்பனை உரிமம் எல்லாம் ஒரு கணக்கரோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும். இது அப்படி முடியாது.

சட்டத்தையும் தள்ளிவைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பாட்டிலுக்குப் பன்னிரண்டு எல்டர் பூங்கொத்து என்று வைத்தால் ஆயிரம் பாட்டிலுக்கு இரண்டாயிரம் கொத்து. இலுப்பை தானாக உதிர்வது, பொறுக்குகிறோம். எல்டரை நறுக்கித்தான் எடுக்க வேண்டும். நறுக்கிய கொத்து காய்க்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தக் கறுத்த பழத்தைத் தின்றுதான் பிளாக்கேப் போன்ற சின்னக் குருவிகள் தெற்கே பறக்க உடம்பில் கொழுப்பு சேர்க்கின்றன. இரண்டாயிரம் கொத்துப் பழத்தை அவற்றின் வாயிலிருந்து எடுக்கிறீர்கள். அதற்குப் பெயர் இலவசமா?

எல்டர் பூவில் இலுப்பை மாதிரி சர்க்கரையும் கிடையாது. ஒயினில் ஒரு சதவீத ஆல்கஹாலுக்கு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை வேண்டும். 12 சதவீதம் என்றால் 200 கிராமுக்கு மேல். ஆயிரம் பாட்டில், அதாவது 750 லிட்டருக்கு 150 கிலோ சர்க்கரை கடையிலிருந்துதான் வரும். பூ கொடுப்பது வாசம் மட்டும். அந்த வாசம் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஜூனில் லண்டன் வந்திருந்தபோது தோழி என்னை வால்தம்ஸ்டோ மார்ஷ் என்ற சதுப்பு நிலத்துக்கு எல்டர் பார்க்கக் கூட்டிப்போனாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொத்து, ஒவ்வொரு பூவும் அரிசி நொய்யை விடக் கொஞ்சம்தான் பெரிது. முகர்ந்ததும் மூக்கெல்லாம் மஞ்சள் பொடி. வாசம் அந்தப் பொடியில்தான் இருக்கிறது. அதனால்தான் மழை பெய்து விட்ட அன்று பறிக்கக் கூடாது, கழுவக் கூடாது. ஒரு கொத்தை அறைக்குக் கொண்டுபோய் மறந்துவிட்டேன். மறுநாள் பூனை மூத்திர நாற்றம். இத்தனை மென்மையான பொருளை நம்பி வேலையை விடுகிற உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மார்ஷ் பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே கை வைக்காதீர்கள். உங்கள் தெருவில் பாருங்கள். இலையுதிர் காலத்தில் எத்தனை வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிளும் பிளமும் விழுந்து அழுகுகின்றன, எத்தனை பேர் பெட்டியில் போட்டு வாசலில் வைக்கிறார்கள்! கதவைத் தட்டிக் கேளுங்கள், விற்கப் போகிறேன் என்று சொல்லியே கேளுங்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுங்கள். எல்டருக்கு ஒரு துண்டு நிலம் குத்தகைக்குத் தேடுங்கள். குளிரில் இலை உதிர்ந்ததும் இரண்டு சாண் குச்சி வெட்டி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். அதுவரை உங்கள் பூ ஒயின் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் மட்டும். ஒரு பை, அவ்வளவுதான்.

காம்பைச் சுத்தமாக நீக்குங்கள். எல்டரின் இலையிலும் தண்டிலும் பச்சைக்காயிலும் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது.

ஈஸ்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாக்கெட் ஈஸ்ட்டே போடுங்கள். பூவில் இருப்பது ஒரு வருடம் நொதிக்கும், இன்னொரு வருடம் பாதியில் நின்றுவிடும். நின்றது தெரியாமல் பாட்டிலில் அடைத்தால் உள்ளே மறுபடி பொங்கி வெடிக்கும். உங்கள் கையில் கண்ணாடி குத்த வேண்டாம்.

அன்புடன்,
அக்கா