தாத்தாவின் பழைய ஃபோர்டைப் ‘பாரம்பரிய ஹாட் ராட்’ ஆக்குவது என்றால் என்ன?

பழைய அமெரிக்க காரின் எடையைக் குறைத்து, எஞ்சினை வலுவாக்கி, வேகமாக ஓடவைத்தால் அது ஹாட் ராட். அதற்கு 1940, 50-களில் புழங்கிய பாகங்களையும் கைவேலையையும் மட்டுமே பயன்படுத்தினால் ‘பாரம்பரிய’ என்ற அடைமொழி சேரும்.

இதன் பிறப்பிடம் தெற்குக் கலிபோர்னியா. மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் காசில்லாத இளைஞர்கள் மலிவான பழைய ஃபோர்டுகளை ஓட்டி வேகம் பார்த்தார்கள். 1932-இல் வந்த ஃபோர்டு வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினுக்கு 65 குதிரைத்திறன்தான். அதனால் மட்கார்டைக் கழற்றியது எடை குறைய. கூரைத் தூண்களைச் சில அங்குலம் வெட்டித் தாழ்த்தியது காற்றின் தடை குறைய. பின்சக்கரம் பெரிதாக இருப்பதும் அழகுக்காக அல்ல: எஞ்சின் அதே அளவு சுற்றினாலும் கார் கூடுதல் தூரம் போகும்.

பாட்டியின் பட்டுச் சேலையைப் பெட்டியில் வைத்துக் காப்பது ஒரு வழி. பேத்திக்குப் பாவாடை தைப்பது இன்னொரு வழி. ஹாட் ராட் இரண்டாவது வகை. கத்தரி வைத்தால் வைத்ததுதான் என்பதால், குடும்பக் காரின் கூரையில் நானாக இருந்தால் கைவைக்க மாட்டேன். கழற்றிய மட்கார்டைப் பரணில் போட்டுவைக்கலாம்.

துருப்பிடித்தபடி விட்டால்தான் ‘பாரம்பரியம்’ என்று பலர் நினைக்கிறார்கள். அன்றைய இளைஞர்களோ கையில் காசு சேர்ந்ததும் பெயிண்ட் அடித்தார்கள்.