மெக்கார்த்தி ஊரில் ஒரு சோஷலிஸ்ட் மேயர்

கேள்வி: கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த 1950-களில் அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் சோஷலிஸ்ட் ஒருவர் மேயராக இருந்தாராமே? கொள்கையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தானே ஜெயித்திருப்பார்?
- வாசகர், கரூர்

பதில்: அவர் பெயர் ஃபிராங்க் ஸைட்லர், ஊர் மில்வாக்கி. 1948, 1952, 1956 என்று மூன்று முறை ஜெயித்தார். 1960-இல் நிற்கவில்லை. இதில் வேடிக்கை, வேட்டைக்காரர் மெக்கார்த்தியும் அதே விஸ்கான்சின் மாநிலத்து செனட்டர்தான்.

அங்கே மேயர் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. அது அவருக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் என்ன கட்சி என்பது ஊருக்கே தெரியும். அந்த ஊரும் சோஷலிஸ்டுகளுக்குப் பழகிய ஊர். டேனியல் ஹோன் 1916-லிருந்து 1940 வரை மேயராக இருந்தார். (அவரைத் தோற்கடித்தவர் நம் ஸைட்லரின் சொந்த அண்ணன் கார்ல்! அவர் சோஷலிஸ்ட் இல்லை. பிறகு கடற்படைக்குப் போய் 1942-இல் கப்பலோடு மூழ்கினார்.) புரட்சியை விட்டுவிட்டுக் கழிவுநீர், குடிநீர் என்று பேசுகிறார்களே என்று வெளியூர்த் தோழர்கள் இவர்களை ‘சாக்கடை சோஷலிஸ்டுகள்’ என்று நக்கலடித்தார்கள். மில்வாக்கி மக்களுக்கு அந்தச் சாக்கடையும் லஞ்சமில்லாத நிர்வாகமும் போதுமாயிருந்தது.

ஸைட்லர் நில அளவை படித்தவர். ஊரை வரைபடமாகவே பார்த்தார் போலும். சுற்றுப்பகுதிகளை இணைத்து நகரத்தின் பரப்பை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கினார். நகரத்தில் சம்பாதித்துவிட்டுப் புறநகரில் வரி கட்டியவர்கள் கொதித்தார்கள். அரசு செலவில் குடியிருப்புகள் கட்டினார். வீட்டுமனை வியாபாரிகளுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அவரை உண்மையில் ஆட்டிப் பார்த்தது சிவப்புச் சாயம் இல்லை, நிறவெறி. தென்மாநிலங்களில் ‘கறுப்பர்களே, மில்வாக்கிக்கு வாருங்கள்’ என்று மேயர் விளம்பரப் பலகை வைத்திருக்கிறார் என்று 1956 தேர்தலில் வதந்தி கிளப்பினார்கள். அப்படி ஒரு பலகையும் கிடையாது. ‘டைம்’ பத்திரிகை அதை மில்வாக்கிக்கு வெட்கக்கேடு என்றே எழுதியது. வதந்தியைத் தாண்டித்தான் மூன்றாம் முறை ஜெயித்தார்.

அப்புறம், மூட்டை கட்டிய கொள்கை! 1976-இல் அதே சோஷலிஸ்ட் கொடியோடு ஜனாதிபதி தேர்தலில் நின்றார். நாடு முழுக்கக் கிடைத்தது சுமார் 6,000 ஓட்டு. 2006-இல் 93 வயதில் இறக்கும்வரை கட்சி மாறவில்லை. மூட்டை எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிச் சொல்லுங்கள்.