மாவுச்சத்து, புரதம், கொழுப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: சோறு, ரொட்டி எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினேன். ஒரே வாரத்தில் 2 கிலோ குறைந்தது. மறுபடி சாப்பிட ஆரம்பித்த சில நாட்களில் பழைய எடைக்கே வந்துவிட்டேன். மாவுச்சத்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: அப்படியில்லை. குறைந்ததும் ஏறியதும் பெரும்பாலும் தண்ணீர்தான். மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. உடனே செலவாகாததில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது: கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது கூட்டிப் பாருங்கள்: அரைக் கிலோ கிளைக்கோஜன், ஒன்றரைக் கிலோ தண்ணீர். நீங்கள் சொன்ன அதே 2 கிலோ! கையிருப்பு தீரும்போது எடை இறங்கும், நிரம்பும்போது ஏறும். உடல் கொழுப்பு இவ்வளவு வேகமாகக் கரையாது.

மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் தேவைப்படுகிறது. அதனால் மாவுச்சத்தை விரட்டாதீர்கள், நல்லதாகத் தேர்ந்தெடுங்கள். முழுத்தானியம், பயறு, காய், பழம் என்று சாப்பிட்டால் நார்ச்சத்தும் கூடவே வந்துவிடும். பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைக்க வேண்டியது சர்க்கரையைத்தான், குறிப்பாகக் குடிக்கும் சர்க்கரையை.

கேள்வி: என் எடை 60 கிலோ. 100 கிராம் பருப்பில் 24 கிராம் புரதம் என்று படித்தேன். தினமும் 200 கிராம் வேகவைத்த பருப்பு சாப்பிடுகிறேன். புரதக் கணக்கு முடிந்துவிட்டதா?

பதில்: முடியவில்லை. பலரும் சறுக்கும் இடம் இது. நீங்கள் படித்த 24 கிராம், வேகாத பருப்புக்கு உரியது. வெந்ததும் பருப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு கனத்துவிடும். வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம்தான் இருக்கும். ஆக உங்களுக்குக் கிடைப்பது 18 கிராம். ஆரோக்கியமான பெரியவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது அடிப்படை அளவு, அதாவது உங்களுக்கு 48 கிராம். மீதியைத் தானியம், பால், முட்டை, கொட்டை வகைகள் என்று பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு.

அப்புறம், சைவ உணவுக்காரர்கள் அடிக்கடி கேட்பது: புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனது. அவற்றில் லைசின் தானியத்தில் குறைவு, மெத்தியோனின் பருப்பில் குறைவு. இரண்டையும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். ஒரே வேளையில்தான் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பதில்லை, ஒரே நாளுக்குள் இருந்தால் போதும்.

கேள்வி: எண்ணெயே சேர்க்காமல் சமைக்கலாமா?

பதில்: சமைக்கலாம். ஆனால் உணவில் கொழுப்பே இருக்கக் கூடாது என்று நினைத்தால் அது ஆபத்து. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். லினோலெயிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களையும் உடலால் தயாரிக்க முடியாது, உணவில்தான் வர வேண்டும். கவனிக்க வேண்டியது அளவு. ஒரு கிராம் புரதத்திலும் மாவுச்சத்திலும் 4 கலோரி என்றால், கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி ஆகிவிடும், பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் தெரியவே தெரியாது. கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். டிரான்ஸ் கொழுப்பை (பெரும்பாலும் எண்ணெயைச் செயற்கையாகக் கெட்டியாக்கும்போது உருவாவது) மட்டும் தயங்காமல் ஒதுக்கிவிடலாம், அதனால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை.

கேள்வி: இரவில் மாவுச்சத்து சாப்பிட்டால் கொழுப்பாகிவிடுமா?

பதில்: நேரத்தைவிட நாள் முழுக்கச் சேர்ந்த அளவுதான் முக்கியம்.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருக்கிறது. உடல் மெலிந்துவிட்டார். புரதப் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன 0.8 கணக்கு அவருக்குப் பொருந்தாது. பாதிப்பு எந்த நிலையில் இருக்கிறது, டயாலிசிஸ் செய்கிறாரா என்பதைப் பொறுத்துப் புரதத்தைக் குறைக்கவும் சொல்வார்கள், கூட்டவும் சொல்வார்கள். அவர் மெலிந்திருப்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். போகும்போது, அவர் மூன்று நாள் என்னென்ன, எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுதி எடுத்துப் போங்கள்.