கடல் தாண்டும் தமிழ்ப் படங்களும் தங்கள் மகளின் பட்டப்படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் முடித்த தங்கள் மகள், தமிழ்ப் படங்களை வெளிநாடுகளுக்குக் கொண்டு செல்லும் வேலையில் சேர விரும்புவதாகவும், அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியாக உறக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தங்கள் அச்சம் நியாயமானது. ஆயினும் அவர் கேட்பது நடிப்பையோ இயக்கத்தையோ அன்று என்பதை முதலில் கருத்தில் கொள்ளுங்கள்.

1995-இல் இங்கே வெளியான 'முத்து' ஜப்பானியத் திரையரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது 1998-இல்தான். இன்று ஒரு பெரிய படம் சென்னையில் வெளியாகும் அதே நாளில் கோலாலம்பூரிலும் இலண்டனிலும் ஆங்கில சப்டைட்டிலுடன் ஓடுகிறது. பெரிய நட்சத்திரங்கள் இல்லாத 'கூழாங்கல்' 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருதைப் பெற்றது. இவற்றுக்குப் பின்னால் மேசையில் அமர்ந்து செய்யப்படும் வேலை நிறைய இருக்கிறது.

கோடம்பாக்கத்தில் எஃப்.எம்.எஸ். உரிமை என்று சொல்லப்படும் வெளிநாட்டு உரிமையை நாடுவாரியாகவும், திரையரங்கு, ஓடிடி, தொலைக்காட்சி எனத் தனித்தனியாகவும் பிரித்து விற்க முடியும். வாங்க வருபவர், கதை முதல் இசை வரை ஒவ்வொன்றின் உரிமையும் தயாரிப்பாளரிடம் இருப்பதற்கான ஒப்பந்தங்களைக் கேட்பார். வேற்றுமொழியில் டப்பிங் செய்ய, வசனம் நீக்கிய இசையும் பிற ஒலிகளும் மட்டும் அடங்கிய எம் அண்ட் இ ட்ராக் வேண்டும். ஒலிக்கலவையின்போதே அதைத் தயாரிக்காவிட்டால் பின்னர் செலவு கூடும். ஒப்பந்தம், ஜி.எஸ்.டி., அந்நியச் செலாவணி விதிகள் ஆகியவற்றைப் புரிந்துகொள்ளும் ஒரு வணிகவியல் பட்டதாரிக்கு இங்கே இடம் உண்டு.

ஆனால் இத்துறையில் நான் பெரிதும் மதிப்பது சப்டைட்டில் பணியைத்தான். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு ஏறத்தாழ 42 எழுத்துகள், ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. கொங்கு நாட்டுக் கதை ஒன்றில் சொத்துத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். 'அப்பாரு' என்றால் தந்தைவழிப் பாட்டனார். 'அப்புச்சி' என்றால் தாய்வழிப் பாட்டனார். ஆங்கிலத்தில் வழக்கமாக இருவருக்கும் ஒரே சொல்தான் என்பதால், சொத்து யார் வழியில் வருகிறது என்பதே வெளிநாட்டுப் பார்வையாளருக்குப் புரியாமல் போகலாம். அதேபோல், கணவரை அதுவரை 'நீங்க' என்றே அழைத்து வந்த மனைவி, சண்டையின் நடுவே 'நீ' என்று சொல்லும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே இல்லை. பிரெஞ்சு மொழியிலோ இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. எனினும் ஆங்கில சப்டைட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் பெயர்ப்பவருக்கு அங்கே ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது. தமிழிலிருந்து நேராகப் பிரெஞ்சுக்கோ ஜப்பானிய மொழிக்கோ போகக்கூடியவரின் அருமை இதில்தான் இருக்கிறது. இத்தகையோர் மிகச் சிலரே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எனவே பி.காம். படிப்பைக் கைவிட வேண்டியதில்லை. அதனுடன் நுங்கம்பாக்கத்தில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு கற்கட்டும். இந்திய இயக்குநர் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படம் 2024-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ விருது பெற்றபோது, அது பிரெஞ்சு நிறுவனமும் இணைந்து தயாரித்த படம் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே திரைப்படக் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தமே இருக்கிறது. மொழியைச் சரளமாகக் கையாளும் பி2 என்ற தேர்ச்சி நிலையை எட்டச் சில ஆண்டுகள் தொடர்ந்து உழைக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்புடன் அது இணைந்தே நடக்கலாம்.

தரமணி அரசுத் திரைப்பட நிறுவனத்தின் நான்காண்டுப் படிப்புகள் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் போன்றவற்றுக்கானவை. தங்கள் மகள் விரும்பும் வேலைக்கு அவை நேரடியாகப் பொருந்தா. புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களின் பெரும்பாலான படிப்புகளுக்குப் பட்டம் தேவை என்பதால், பின்னால் அவர் மனம் மாறினாலும் பி.காம். வீணாகாது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு இணையவழியில் இலவசமாக நடத்தும் அடிப்படைப் பாடத்தை முதலாண்டிலேயே முடிக்கலாம். சில மாதச் சான்றிதழ் வகுப்புக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, பிறகு என்னிடம் வந்த பெற்றோர் உண்டு. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். சப்டைட்டில் பணியில் பெரும்பாலும் படத்திற்கு இவ்வளவு அல்லது நிமிடத்திற்கு இவ்வளவு என்றுதான் கூலி. தொகை தாமதமாக வருவதும் உண்டு. ஆகவே முதல் சில ஆண்டுகள் கணக்கு, சட்டம் சார்ந்த நிலையான வேலை ஒன்றில் இருந்துகொண்டே இதைச் செய்வது நல்லது.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தங்கள் மகள் நன்கறிந்த தமிழ்ப் படம் ஒன்றிலிருந்து, பேச்சு மிகுந்த பத்து நிமிடக் காட்சியைத் தேர்ந்தெடுக்கட்டும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் மேற்சொன்ன வரையறைக்குள் ஆங்கில வரிகளை எழுதி, தமிழ் அறியாத ஒருவரிடம் போட்டுக் காட்டட்டும். அவர் எந்த இடத்தில் சிரித்தார், எங்கே குழம்பினார் என்று குறித்துக்கொண்டு மீண்டும் திருத்தட்டும். மூன்றாம் முறை திருத்தும்போதும் தங்கள் மகளுக்குச் சலிப்புத் தட்டவில்லை என்றால், அந்தக் கோப்பையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு இருவருமாக என்னைப் பார்க்க வாருங்கள்.