றிப்போட்டில் தெரியாத நோ

வணக்கம் அண்ணா,

மூன்று வருடமாக எனக்கு வயிற்று நோ. சாப்பிட்டால் ஊதும், முறுக்கும். வெளிக்குப் போய்வந்தால் கொஞ்சம் ஆறும். ஸ்கான் எடுத்தாச்சு, கமரா விட்டும் பார்த்தாச்சு. எல்லாம் நோர்மல். ‘ஒன்றுமில்லை, யோசிக்காதேங்கோ’ என்று டொக்டர் அனுப்பிவிட்டார். வீட்டில் நடிப்பு என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லையா?

ஒரு வாசகி, கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சி,

உங்களுக்கு நோகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்கானும் கமராவும் புண், கட்டி, கல் என்று தேடும். நோவைப் படம்பிடிக்க அவற்றால் முடியாது.

நீங்கள் சொல்வது ஐபிஎஸ் (IBS) என்ற குடல் நோய் போலத் தெரிகிறது. 1973இல் இங்கிலாந்தில் ரிச்சி என்ற மருத்துவர் நோயாளிகளின் பெருங்குடலுக்குள் சின்ன பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். 60 மில்லிலீற்றர் வந்தபோது, ஐபிஎஸ் இல்லாதவர்களில் 100க்கு 6 பேருக்குத்தான் நொந்தது. ஐபிஎஸ் உள்ளவர்களில் 55 பேருக்கு நொந்தது. ஒரே பலூன், ஒரே அளவு.

குடலிலிருந்து வரும் செய்தியை முள்ளந்தண்டிலேயே அமத்திவைக்க மூளை செரட்டோனின், நோரட்ரினலின், எண்டோர்பின் என்ற இரசாயனங்களைப் பயன்படுத்துகிறது. நித்திரையின்மையும் ஓயாத யோசனையும் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். அப்புறம் சாதாரண வாயுவும் குத்தாகத் தெரியும்.

என் அம்மா தீராத வயிற்று நோக்காரி. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்த சனத்தோடு சனமாக நாவற்குழிப் பக்கம் நடந்தோம். தலையில் பை, ஒரு கையில் தங்கச்சி. அம்மா ஒருக்காலும் வயிற்றைப் பொத்தவில்லை. ஆபத்து வேளையில் மூளை நோவை அப்படி அடக்கிவைக்கும். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்த இரண்டாம் நாள் சுருண்டு படுத்தவர்தான், மாதக்கணக்காக எழும்பவில்லை. ‘நடந்து வரேக்கை இல்லாத நோ இப்ப எங்காலை வந்தது?’ என்று கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

நோவை அமத்த டொக்டர் அமிற்றிப்ரிலின் என்ற மாத்திரை தந்தால், மனச்சோர்வு மாத்திரை என்று கோபிக்க வேண்டாம். இதற்கு இரவில் 10 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பது அதைவிடப் பலமடங்கு. 2023இல் பிரித்தானியாவில் 463 பேரிடம் செய்த ஆய்வில், மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட இது நல்ல பலன் தந்தது. டொக்டரைக் கேட்காமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மலத்தோடு இரத்தம் போனால், நிறை குறைந்தால், இரவு நித்திரையில் நோ எழுப்பினால், பழைய றிப்போட்டை நம்பி இருக்காமல் உடனே திரும்பப் போய்க் காட்டுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குத் தனியே போகாதீர்கள். நடிப்பு என்று சொன்னவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணா